சோப்பாவ் நகரத்து உருளை

பழைய ஏட்டுச் சுவடியொன்றைப் பதிப்பிக்க முனையும் அறிஞர், அதன் இடையிடையே பிற்காலத்தார் எழுதிச் சேர்த்த வரிகளைக் காண்பதுண்டு. அவற்றை இடைச்செருகலெனத் தள்ளுவதா, பாடபேதமெனப் போற்றுவதா என்பது பதிப்பாசிரியர் முன் நிற்கும் நெடுநாளைய வினாவாகும். இதே வினா, ஏட்டோடும் எழுத்தாணியோடும் சிறிதும் தொடர்பில்லாத வேறொரு தொழிலிலும் எழுகின்றதென்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். பழைய மோட்டார் சைக்கிள் இயந்திரங்களைக் கழற்றித் துலக்கி மீண்டும் உயிர்ப்பிக்கும் தொழிலையே இங்குக் குறிப்பிடுகின்றோம். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஈரடிப்பு இயந்திரமொன்றைப் பிரித்து அதன் உருளையை வெளியே எடுத்தால், பல வேளைகளில் அது தொழிற்சாலையிலிருந்து வந்த வண்ணம் இருப்பதில்லை. உட்சுவரிலுள்ள துவாரங்கள் அரத்தால் அராவி உயர்த்தப்பட்டிருக்கும், துளை அகலப்படுத்தப்பட்டிருக்கும், ஆதியில் இல்லாத ஒரு வழி புதிதாக வெட்டப்பட்டிருக்கும். புதுக்குபவர் அவற்றையெல்லாம் அழித்துப் பழைய அளவுக்கே மீளவேண்டுமா? அன்றி, முன்னவர் செய்த மாற்றத்தையும் அவ்வியந்திரத்தின் வரலாறாகக் கொண்டு காக்கவேண்டுமா?

இதற்கு விடை காண, அவ்வுருளையின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

இயந்திரத்தின் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகின்றது. நான்கடிப்பு இயந்திரத்தில், பிஸ்டன் நான்குமுறை ஓடினால் ஒருமுறை வெடிப்பு நிகழும். ஈரடிப்பு இயந்திரத்திலோ இருமுறை ஓட்டத்திலேயே, அஃதாவது சுழல்தண்டின் ஒவ்வொரு சுற்றிலும், ஒரு வெடிப்பு உண்டு. இக்கருத்தைச் செயலிற் காட்டியவர் ஸ்கொத்லாந்து நாட்டுப் பொறியியலாளர் டுகால்ட் கிளார்க். அவர் 1878-இல் அமைத்த இயந்திரத்துக்கு 1881-இல் காப்புரிமை பெற்றார். ஆயின், புதிய வாயுக் கலவையை உள்ளே செலுத்துதற்கு அதற்கு வேறோர் உருளை வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜோசப் டே, இயந்திரத்தின் அடியிலுள்ள சுழல்தண்டு அறையையே காற்றுப் பம்பாகப் பயன்படுத்தும் வழியைக் கண்டு 1891-இல் காப்புரிமை பெற்றார். அவரிடம் பணிபுரிந்த பிரெடெரிக் கொக் என்பார் அடுத்த ஆண்டு அதனை மேலும் எளிதாக்கினார். உருளைச் சுவரில் மூன்று துவாரங்கள். அவற்றைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டனே. தனி வால்வு ஒன்றுமில்லை. அதனை இயக்கும் பல்லிணைகளும் இல்லை. இயங்கும் உறுப்புக்கள் மூன்று மட்டுமே: பிஸ்டன், இணைதண்டு, சுழல்தண்டு.

இவ்வெளிமையில் ஒரு குறையும் உடன்பிறந்தது. எரிந்த வாயு வெளியேறும் வேளையிலேயே புதிய கலவையும் உள்ளே நுழைகின்றது. ஒரே வாயிலில் விடைபெறுவோரும் வருவோரும் நெருக்குண்டால் வருவோரிற் சிலர் விடைபெறுவோருடனேயே போய்விடுதல் இயல்பன்றோ? அவ்வாறே புதிய கலவையின் ஒரு பகுதி எரியாமலே புகைபோக்கி வழியாகப் போய்விடும். இதைத் தடுக்கப் பிஸ்டனின் தலையில் ஒரு திமில் வைத்தனர். உள்ளே வரும் கலவை அத்திமிலில் மோதி மேனோக்கித் திரும்பும். ஆனால் திமில் பிஸ்டனின் கனத்தைக் கூட்டியது. அதன் தலையைச் சீரற்ற வகையிற் சூடேற்றியது. வேகம் கூடுந்தோறும் பிஸ்டன் உருளையிற் பிடித்து நின்றுவிடும் அபாயமும் கூடியது.

இச்சிக்கலை அவிழ்த்தவர் ஜேர்மனியின் டொய்ட்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய அடொல்ப் ஷ்னியூர்லே. 1920களின் நடுப்பகுதியில் அவர் கண்ட வழி இது: புதிய கலவை வரும் துவாரங்கள் இரண்டைக் கழிவுத் துவாரத்தின் இருமருங்கும் சாய்வாக அமைத்தார். இரு திசையிலிருந்தும் வரும் வாயுவோட்டங்கள் எதிர்ச்சுவரை நோக்கிச் சென்று ஒன்றுகூடி, சுவர்வழியே மேலேறி, உருளைத் தலையில் வளைந்து, கழிவு வாயுவைத் தம்முன் தள்ளிக்கொண்டு கீழிறங்கும். பிஸ்டனுக்குத் திமில் வேண்டியதில்லை. தட்டையான தலையே போதுமானது. பிஸ்டன் செய்துவந்த வேலையை உருளைச் சுவர் தன்மேற் கொண்டது எனலாம். அன்றுமுதல் ஈரடிப்பு இயந்திரத்தின் அறிவெல்லாம் அதன் உருளைச் சுவரிற் பொறிக்கப்பட்டதாயிற்று. துவாரத்தின் உயரம், அகலம், சாய்வு ஆகிய மூன்றுமே இயந்திரத்தின் குணத்தைத் தீர்மானித்தன. அரமொன்றைக் கையில் வைத்திருக்கும் எவரும் அக்குணத்தை மாற்றவும் கூடியதாயிற்று.

பெற்றோல் இயந்திரத்துக்கு இம்முறையைப் பயன்படுத்தும் உரிமையை விலைக்கு வாங்கியது டி. கே. டபிள்யூ. நிறுவனம். ஜேர்மனியின் சக்சனி மாநிலத்திலே, சோப்பாவ் என்னும் சிறு நகரில், டென்மார்க்கிற் பிறந்த யோர்கன் ஸ்காப்டே ராஸ்முசன் நிறுவிய தொழிலகம் அது. முதல் உலகப்போர்க் காலத்தில் நீராவிக் கார் செய்ய முயன்றபோது அம்மூன்றெழுத்துப் பெயர் தோன்றியது. நீராவிக் கார் வெற்றிபெறவில்லை. பெயர் மட்டும் நின்றது. போருக்குப் பின் சிறிய ஈரடிப்பு இயந்திரங்களைச் செய்யத் தொடங்கிய அந்நிறுவனம், 1920களின் இறுதியில் உலகிலேயே மிகப் பெருந்தொகையாக மோட்டார் சைக்கிள் செய்யும் நிறுவனமாக வளர்ந்தது.

அங்கு தலைமை வடிவமைப்பாளராக இருந்த ஹெர்மன் வேபர், இரண்டாம் உலகப்போர் மூண்ட காலத்தில் ஆர். ரி. 125 என்னும் மோட்டார் சைக்கிளை உருவாக்கினார். உருளையின் விட்டம் 52 மில்லிமீற்றர். பிஸ்டன் ஓடும் தூரம் 58 மில்லிமீற்றர். கொள்ளளவு 123 கன சென்டிமீற்றர். வலுவோ ஐந்து பரிவலுவுக்குச் சற்றுக் குறைவு. இயந்திரமும் பற்சக்கரப் பெட்டியும் முட்டை வடிவான ஒரே கூட்டுக்குள் அடங்கின. மலிவும் உறுதியும் எளிமையும் ஒருங்கே அமைந்த அவ்வடிவம் பின்னர் உலகிலேயே அதிகமாகப் படியெடுக்கப்பட்ட மோட்டார் சைக்கிள் வடிவங்களுள் ஒன்றாயிற்று.

படியெடுக்கப்பட்ட வரலாறு இனிமையானதன்று. 1945-இல் ஜேர்மனி தோல்வியுற்றது. சோப்பாவ் நகரம் சோவியத் படையின் ஆளுகைக்குள் வந்தது. போர் இழப்பீடாக அங்கிருந்த பொறிகள் கழற்றி எடுத்துச் செல்லப்பட்டன. 1946 முதல் மொஸ்கோவிலும் கொவ்ரொவ் நகரிலும் அதே வடிவம் வேறு பெயர்களில் உற்பத்தியாயிற்று. வடிவத்தைப் படைத்த வேபரும் சோவியத் நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1948-இல் அங்கேயே உயிர்நீத்தார். மேற்கு நாடுகளும் வாளாவிருக்கவில்லை. பிரித்தானியாவில் 1948-இல் வெளிவந்த பி. எஸ். ஏ. பன்டமும், அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் நிறுவனம் செய்த 125 கன சென்டிமீற்றர் வண்டியும் சோப்பாவ் வரைபடங்களின் பிள்ளைகளே. பன்டத்தின் உருளை அளவு 52-க்கு 58 என்றே இருந்தது. யப்பானில் 1955-இல் யமஹா என்னும் பெயரில் முதன்முதல் வெளிவந்த மோட்டார் சைக்கிளும் இதனையே முன்மாதிரியாகக் கொண்டது. செந்தும்பி எனச் செல்லப்பெயர் பெற்ற அவ்வண்டி அவ்வாண்டிலேயே பியூஜி மலையேற்றப் பந்தயத்தில் வென்றது.

உலகெங்கும் தன் வடிவம் புதிதாகப் பிறந்துகொண்டிருந்த வேளையில், பெற்ற தாயகத்தின் நிலை என்ன? கிழக்கு ஜேர்மனி ஆகிவிட்ட அந்நிலத்தில் இரும்புக்கும் பஞ்சம், அலுமினியத்துக்கும் பஞ்சம். பந்தயம் விரும்பிய இளைஞர் புதிய இயந்திரத்துக்கு எங்கே போவர்? போருக்கு முந்திய ஆர். ரி. 125 இயந்திரங்களைத் தேடியெடுத்துப் புதுக்கினர், உருளைகளை அராவினர், தம் கையாலேயே உறுப்புக்களை வார்த்துக் கடைந்தனர். அவருள் ஒருவர் டானியேல் சிம்மர்மன். அவர் செய்த மாற்றம் அரத்தோடு நிற்கவில்லை.

சாதாரண இயந்திரத்தில் கலவை உட்புகும் துவாரத்தையும் பிஸ்டனே திறந்து மூடுகின்றது. பிஸ்டன் மேலுச்சியை அடையுமுன் எவ்வளவு நேரம் அது திறந்திருக்குமோ, அடைந்த பின்னும் அவ்வளவு நேரம் திறந்தே இருக்கும். மிகுந்த கலவையை இழுக்க விரும்பி அந்நேரத்தை நீட்டினால், உள்ளே வந்தது பின்னர் அவ்வழியே திரும்பிப் போய்விடும். சிம்மர்மன் சுழல்தண்டின் நுனியில் ஓரிடத்தில் வெட்டப்பட்ட மெல்லிய தட்டொன்றைப் பொருத்தினார். தட்டின் வெட்டு துவாரத்துக்கு நேரே வரும்போது வழி திறக்கும், தாண்டியதும் மூடும். இவ்வாறு முன்கூட்டியே திறக்கவும், திரும்பிப் போகுமுன் மூடவும் இயன்றது. கொள்கையளவில் இது முற்றிலும் புதியதன்று. எனினும் போருக்கு முந்திய சிறு இயந்திரமொன்றைப் பந்தயக் குதிரையாக்கும் ஆற்றல் இதற்கு உண்டென்பதை அவர் செய்துகாட்டினார்.

அதனைக் கண்டு மதித்தவர் வால்ட்டர் காடென். சக்சனியிலே 1919-இல் பிறந்த அவர், சோப்பாவ் தொழிற்சாலையின் பந்தயப் பிரிவை 1953-இல் பொறுப்பேற்றார். அத்தொழிற்சாலையே பின்னர் எம். செட். என்னும் பெயர் பெற்றது. சுழல்தட்டு வால்வை ஏற்றுக்கொண்ட காடென் மேலும் இரண்டைச் செம்மைப்படுத்தினார். ஒன்று, உருளையின் பின்சுவரில் வெட்டிய மூன்றாவது கலவை வழி. அது கலவையின் ஓட்டத்தைப் பெருக்கியதோடு, பிஸ்டனின் அடியில் வெந்துகொண்டிருந்த தாங்கிக்குக் குளிர்ச்சியும் எண்ணெயும் தந்தது. மற்றையது, புகைபோக்கி.

புகைபோக்கியைப் பலரும் கழிவை வெளியேற்றும் குழாயாக மட்டுமே கருதினர். காடெனோ அதனை இசைக்குழல்போல் ஆராய்ந்தார். கழிவுத் துவாரம் திறந்ததும் ஓர் அமுக்க அலை குழாய் வழியே ஓடுகின்றது. குழாய் படிப்படியாக விரியும் இடத்தில் அது இழுவிசையாக மாறித் திரும்பி, உருளையிலுள்ள கழிவை உறிஞ்சுகின்றது. குழாய் மீண்டும் ஒடுங்கும் இடத்தில் அமுக்கமாகத் திரும்பி, வழிதவறி வெளியே வந்த புதிய கலவையை, துவாரம் மூடும் தறுவாயில் உள்ளே தள்ளிவிடுகின்றது. விடைபெறுவோருடன் போய்விட்ட விருந்தினரை வாயில்வரை சென்று திருப்பி அழைத்துவருவது போன்றது இது. இத்தகைய விரிவறைக் குழாய்கள் 1950களின் தொடக்கத்திலேயே மேற்கு ஜேர்மனியின் பந்தய வண்டிகளிற் காணப்பட்டன. எனினும், அலைவுகாட்டியின் துணையோடு அலையின் போக்கை அளந்து, குழாயின் நீளத்தையும் உருளையின் துவாரங்களையும் ஒன்றோடொன்று இசையவைத்தமை காடெனின் சாதனையாகும்.

பயன் என்ன? 1961-இல் காடெனின் 125 கன சென்டிமீற்றர் இயந்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,800 சுற்றுக்களில் 25 பரிவலுவைத் தந்தது. ஒரு லீற்றர் கொள்ளளவுக்கு 200 பரிவலு என்ற எல்லையை, காற்றை அமுக்கி ஊட்டும் கருவியின் துணையின்றி முதன்முதல் எட்டிய இயந்திரம் இதுவே எனக் கொள்ளப்படுகின்றது. வேபரின் இயந்திரம் தந்ததைப்போல் இது ஐந்து மடங்கு. கொள்ளளவோ ஏறத்தாழ அதே.

அவ்வாண்டு உலகப் பந்தயத் தொடரில் எம். செட். வண்டியை ஓட்டிய ஏர்ன்ஸ்ட் டெக்னர் 125 பிரிவில் மூன்று பந்தயங்களை வென்று முன்னணியில் நின்றார். ஆகஸ்ட் 13-இல் பெர்லின் நகரின் குறுக்கே மதில் எழத் தொடங்கியது. செப்டெம்பர் 17-இல் சுவீடனின் கிறிஸ்தியான்ஸ்தாத் பந்தயத்தில் டெக்னரின் இயந்திரம் இடைநடுவிற் பழுதுற்றது. அன்று அவர் தம் குழுவினரிடம் மீளவில்லை. டென்மார்க் வழியாக மேற்கு ஜேர்மனியை அடைந்தார். அவர் மனைவியும் பிள்ளைகளும் கார் ஒன்றில் ஒளித்துவைக்கப்பட்டு எல்லை கடந்திருந்தனர். உலகப் பட்டம் ஹொண்டா வண்டியோட்டிய ஆஸ்திரேலியர் டொம் பில்லிசுக்குச் சென்றது. டெக்னரோ யப்பானின் சுசுக்கி நிறுவனத்தை அடைந்தார். அடுத்த ஆண்டே, 1962-இல், சுசுக்கியின் 50 கன சென்டிமீற்றர் வண்டியில் அவர் உலகப் பட்டம் வென்றார். மோட்டார் சைக்கிள் உலகப் பந்தயத் தொடரில் ஈரடிப்பு இயந்திரம் பெற்ற முதற் பட்டம் அதுவே.

சோப்பாவ் தொழிற்சாலை உலகப் பட்டம் ஒன்றையேனும் பெற்றதில்லை. காடென் 1996-இல் காலமாகும்வரை தம் மண்ணிலேயே வாழ்ந்தார். அவர் கண்ட முறைகளோ யப்பானிய நிறுவனங்களின் கையில் உலகையே வென்றன.

டெக்னரின் செயலைத் துரோகமெனச் சிலரும், விடுதலை வேட்கையெனச் சிலரும் கூறுவர். மனைவி மக்களோடு எல்லை கடக்க முயன்ற ஒருவரை எளிதிற் குறைகூற நமக்கு மனம் வாராது. தம் உழைப்பு ஒரே நாளிற் பிறர் கைக்குப் போகக் கண்ட காடெனின் துயரையும் நாம் சிறிதென எண்ணலாகாது. ஒன்றை மட்டும் நினைவுகூர்வோம். காடெனின் இயந்திரத்தில் சிம்மர்மனின் தட்டு இருந்தது. ஷ்னியூர்லேயின் துவாரங்கள் இருந்தன. அவற்றுக்கும் அடியில் டேயும் கொக்கும் இருந்தனர். பிறர் அறிவைத் தாங்கிநில்லாத உருளை உலகில் இல்லை. அறிவு கைமாறுவதில் இழிவில்லை. எவரிடமிருந்து வந்தது என்பது மறைக்கப்படும்போதே இழிவு நேர்கின்றது. வேபரின் பெயரையோ சிம்மர்மனின் பெயரையோ இன்று எத்தனைபேர் அறிவர்?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். மாற்றப்பட்ட உருளையையுடைய பழைய இயந்திரத்தைப் புதுக்குபவர் முதலிற் செய்யவேண்டியது அளத்தல். துவாரங்கள் ஒவ்வொன்றின் மேல்விளிம்பும் உருளையின் உச்சியிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளதெனக் குறித்து, தொழிற்சாலை அளவோடு ஒப்பிடல் வேண்டும். ஒரு தாளைச் சுருட்டி உட்சுவரில் ஒற்றித் தேய்த்து, துவாரங்களின் உருவைப் படியெடுத்தல் பழந்தொழிலாளர் கைக்கொண்ட நல்வழி. கழிவுத் துவாரம் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் உயர்த்தப்பட்டிருப்பினும் இயந்திரத்தின் குணம் மாறிவிடும். மிகுந்த வேகத்தில் வலு கூடும். தாழ்ந்த வேகத்தில் இழுவை குன்றும். பந்தயத் திடலுக்கு அது நன்று. சுமையேற்றி மேட்டில் ஏறுவோர்க்கு நன்றன்று. துவாரம் அளவுமீறி அகலப்படுத்தப்பட்டிருந்தால் பிஸ்டனின் வளையம் அதனுட் புடைத்து விளிம்பிற் சிக்கி முறியும். வளையத்தின் முனைகள் துவாரத்துக்கு நேரே வாராதவாறு பிஸ்டனில் சிறு முளை வைக்கப்பட்டிருப்பதும், துவார விளிம்புகளைக் கூர்மையின்றி மழுக்கவேண்டியிருப்பதும் இக்காரணம் பற்றியே.

தேய்ந்த இரும்புருளையைக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடலாம். ஆயின் அவ்வாறு கடைவதற்கும் ஓர் எல்லை உண்டு. அராவிப் போன உலோகமோ மீளாது. பழைய அளவுதான் வேண்டுமெனின், உட்சுவரைக் கடைந்தெடுத்துப் புதிய உட்குழலைச் செருகித் துவாரங்களை மீண்டும் வெட்டல் வேண்டும். அதனோடு சுழல்தண்டின் இருபுறத்து முத்திரை வளையங்களையும் மாற்றுதல் இன்றியமையாதது. சுழல்தண்டு அறையே பம்பாதலால், அங்கே காற்றுக் கசிந்தால் கலவையிற் பெற்றோலின் பங்கு குறைந்து பிஸ்டன் கொதித்து உருகும். உருளையைக் குறைகூறிக் கழித்த பலர், உண்மையிற் குறைகூறியிருக்கவேண்டியது மலிவாக வாங்கத்தக்க ஒரு வளையத்தையே.

அளந்து அறிந்த பின்னரே அழிப்பதா காப்பதா என்பதைத் தீர்மானித்தல் முறை. அறியாமையாற் செய்த கேட்டைத் திருத்துவதில் தவறில்லை. நாள்தோறும் ஓட்டுதற்கு வேண்டிய வண்டியைத் தொழிற்சாலை அளவுக்கு மீட்பதும் தகும். ஆனால் அளவறிந்த கையொன்று காரணத்தோடு வெட்டிய வழியை, அது ஆதியில் இல்லாதது என்ற ஒன்றுக்காகவே அழித்தல் தகாது. கிழக்கு ஜேர்மனியின் இளைஞர் தம் உருளைகளைத் தொழிற்சாலை அளவிலேயே பேணியிருந்தால் உலகம் காடெனைக் கண்டிராது. மாற்றவே வேண்டுமாயின், பழைய அளவுகளைத் தாளிற் குறித்து, கழித்த உருளையையும் எறியாது வைத்தல் வேண்டும். பின்வருபவர் அதனைப் படிக்கக்கூடும்.

ஈரடிப்பு இயந்திரத்தின் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. எரியாத பெற்றோலையும் எண்ணெய்ப் புகையையும் வெளியிடும் அதன் பிறவிக் குறை, தூய காற்றை நாடும் சட்டங்களின் முன் நிற்கவில்லை. நம் வீதிகளில் நீலப்புகை கக்கி ஓடிய முச்சக்கர வண்டிகளை நேயர்கள் மறந்திரார். உலகப் பந்தயத் தொடரின் பெரும் பிரிவிலே ஈரடிப்பு இயந்திரம் இறுதியாகப் பட்டம் வென்றது 2001-இல்; 125 பிரிவும் 2011-ஆம் ஆண்டோடு முடிவெய்தியது. அது மறைந்தமைக்கு நாம் வருந்தவேண்டியதில்லை. மூச்சுவிடும் காற்று பந்தயத்தினும் பெரிது. ஆனால் பஞ்சத்தின் நடுவே, கழித்துவிடப்பட்ட இரும்பையும் ஓர் அரத்தையும் வைத்துக்கொண்டு மனித அறிவு எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு அவ்வுருளைகளே சான்று. அச்சான்று வேறெந்த ஏட்டிலும் முழுமையாக எழுதப்படவில்லை. அதன் உட்சுவரை விரலாற் தடவிப் பார்க்கும் தொழிலாளியே அதனைப் படிக்கவல்லவர். அதனை அழியாது காப்பதும் அவர் கையிலேயே உள்ளது.